நடுக்கம்

இங்கிலாந்தில், பிஸ்லி மைதானத்தில் 1000 கெஜம் சுடுவதற்காக ஒரு ரைஃபிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். குழல், விசை, கட்டை எல்லாம் முடிவாகிவிட்டன. ஸ்கோப்தான் பாக்கி. இரவல் வாங்கிய ஒன்றை 25 மடங்கில் வைத்துப் பார்த்தேன். இலக்கு நெருங்கி வந்தது. கூடவே கானலும் என் நாடித்துடிப்பும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் அந்தத் தொலைவில் சுமார் 10.5 அங்குலம் விலகிவிடும். 12 மடங்குக்குக் குறைத்தேன். குறிக்கம்பி அசையாமல் நின்றது. நின்றதாகத் தெரிந்தது. கை அதே கைதான்.

அப்பாவுக்கு நடுக்கம் கண்டபோது, காபியைப் பாதி டம்ளர் மட்டும் ஊற்றச் சொல்வார். சிந்தாதவரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இரவு நெடுநேரம் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் 25 மடங்கையே வாங்கினேன்.