எருமையா, தையல் மெஷினா?

பெண் சமத்துவம் என்று உலக அமைப்புகள் பேசினால் எனக்கு நம்ம தருமபுரிதான் ஞாபகம் வரும். ஐ.நா.வின் ஐஃபாட் நிதியம் பணம் போட, தமிழக அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் அங்கேதான் ஆரம்பித்தன. குழுக்களை வங்கியோடு இணைக்கும் நபார்டு திட்டமே 1992-இல்தான். (நாம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!)

இங்கே நாக்பூரில், எத்தனை பெண்களுக்குக் கடன் கொடுத்தீர்கள் என்று மேலிடம் கேட்கும், எண்ணிக்கையை அனுப்புவோம். பணம் யார் கைக்குப் போனது என்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

போன வாரம் ஒரு அம்மா கணவரோடு வந்தார். எதற்குக் கடன் என்று கேட்டால், கணவர் முந்திக்கொண்டு "எருமை வாங்க" என்றார். அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன்.

"தையல் மெஷின் சார்."

பணத்தை நேரே மெஷின் கடைக்கே அனுப்பிவிட்டேன்.