அப்பாரு சொன்ன படங்கள்

பரமத்தி வேலூரில் அப்பாரு வீட்டுப் பரணில் பழைய ஆனந்த விகடன் பைண்டுகள் இருந்தன. கொடிக்கால் வேலை முடிந்த சாயங்காலங்களில் ஒன்றை இறக்கித் திண்ணையில் விரிப்பார். "இது ஆரு, சொல்லு கண்ணு." வழுக்கைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு; நாலைந்து கோடுதான். ராஜாஜி! படத்தின் ஓரத்தில் மாலி என்று கையெழுத்து.

டி.ஆர்.மகாலிங்கம் என்பது மாலியின் முழுப்பெயர். பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் என்பதைத் தமிழில் 1906இலேயே பாரதியாரின் ‘இந்தியா’ தொடங்கிவிட்டது. அந்தப் படங்களோடு நீண்ட விளக்கமும் வரும். முப்பதுகளில் வாசனின் விகடனுக்கு வந்த மாலி, கோடுகளைக் குறைத்துக்கொண்டே போனார். முகத்தில் பாதியை விட்டுவிடுவார்; ஆள் மட்டும் தப்பாமல் வந்து நிற்பார். அந்தத் துணிச்சலுக்கு இணையாக இன்றுவரை நான் எதையும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு அவர் கடன்பட்டவரல்ல, நாங்கள்தான் அவருக்குக் கடன்பட்டவர்கள். காவிரியில் எங்களுக்குக் கீழே இருக்கும் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர், தாமும் ஓவியர். நாமக்கல் பையன் சீனிவாசனைச் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கச் சொன்னவர் அவர். அந்தப் பையனை விகடனில் சேர்த்து ‘சில்பி’ என்று பெயர் வைத்தவர் மாலி. ஓவியர் கோபுலுவுக்கும் அவர்தான் பெயர் வைத்தார்.

மாலி வரைந்த சங்கீத வித்வான்கள் இன்றும் பிழைத்திருக்கிறார்கள். பாட்டு தெரிந்தவருக்கு அந்தப் படம் புரியும். அரசியல் படத்தின் கதி வேறு; அந்தக் காலத்துச் சங்கதி தெரிந்தவருக்குத்தான் அது புரியும். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகி, மதுவிலக்கை முதலில் எங்கள் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். அக்டோபர் 1ஆம் தேதி கள்ளுக்கடைகள் மூடின. அதைக் கண்ணால் கண்டவர் அப்பாரு. படத்தில் ஓரமாக நிற்பவர் யார், எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் பேசுவார். எனக்கு ராஜாஜி மட்டும் மனசில் நின்றார்; ஓரத்தில் நின்றவர்களின் பெயர்கள் அப்பாருவோடு போய்விட்டன. வீட்டைப் பிரித்தபோது பைண்டுகளும் எடைக்குப் போயின.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு பைண்டு இருந்தால், அதை விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால் விரியுங்கள். யார், என்ன சங்கதி என்று அவர் சொல்வதைப் படத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.