நட்சத்திரச் சின்னம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய பேப்பர் கடையில் ‘ஸ்வராஜ்யா’ இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தன. 1966, 67-ஆம் வருஷத்தவை. கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்தார். ராஜாஜிக்கென்று தனி விலை கிடையாது. ஒரு மாதமாக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கிளையில் யூனியன் காரியங்களைப் பார்க்கும் மூத்த சகா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, பேங்கை நாட்டுடைமை ஆக்கக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போன கட்சி இது. அந்தச் சோத்தைத் தின்னுக்கிட்டே இதைப் படிக்கிறியே” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேடிக்கையாகப் படவில்லை.

சுதந்திராக் கட்சியின் கதை சிறியது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையைத் தீர்மானமாக ஏற்றது. ஜூனில் சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் முதல் மாநாடு. ராஜாஜிக்கு அப்போது வயது எண்பது. என்.ஜி. ரங்கா தலைவர். மினு மசானி இன்னொரு தூண். 1962 தேர்தலில் லோக்சபாவில் 18 இடம். 1967-இல் 44, சபையில் அதுவே பெரிய எதிர்க்கட்சி. ஒரிஸ்ஸாவில் கூட்டணி ஆட்சிக்குத் தலைமை, சென்னைச் சட்டசபையில் 20 இடம். 1971-இல் லோக்சபாவில் 8. 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி சரண் சிங்கின் பாரதீய லோக் தளத்தில் கரைந்தது. நட்சத்திரச் சின்னத்துக்கு ஆயுள் பதினைந்து வருஷம்.

ராஜாக்களும் ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் சேர்ந்த கூட்டம் என்று அதை ஒதுக்கிவிடுவது நம் வட்டத்தில் வழக்கம். கூட்டத்தில் அவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்த பணத்தையும் ஓட்டையும்விடப் பெரிய ஒன்றும் அதில் இருந்தது. எதை யார் எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டில்லி தீர்மானிக்கும்போது, அந்தத் தீர்மானமே ஒரு சரக்காகி விலைபோகும்; வாங்கியவன் ஆளும் கட்சிக்கு நிதி கொடுப்பான்; ஆளும் கட்சி நிரந்தரமாகும். ராஜாஜி இதற்கு ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பது விமர்சனத்தில் பாதி வேலை. அதை அவர் செய்துவிட்டார்.

மறு பாதியை எங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்பீல்டும் எம்.ஆர்.எப்-பும். இவை வளர்ந்தது அந்த லைசென்ஸ் ராஜ்யத்தின் மதில்களுக்குள்தான். வெளிச் சாமான் வராததால் உள்ளே சங்கு ஊதியது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவனுக்கு அது கொடுமை. கம்பெனியில் ‘பர்மனன்ட்’ ஆகி, ஓலையை மாற்றி ஓடு போட்டவனுக்கு அது தெய்வம். ஒரே காகிதம் டில்லியில் ஊழலாகவும் திருவொற்றியூரில் சோறாகவும் இருந்தது. சுதந்திராக் கட்சி முதலாவதை மட்டும் படித்தது. இடதுசாரி நண்பர்கள் இரண்டாவதை மட்டும் படித்தார்கள்.

என் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ராஜாஜியை அவர் பெயர் சொல்லிப் பேசிக் கேட்டதில்லை. ‘அந்த ஐயர்’ என்பார். ஐயங்கார் என்று திருத்தினால், “எல்லாம் ஒண்ணுதான் போ” என்பார். 1953-இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்கானது. ராயபுரத்துக்கு அது வரவேயில்லை. மறு வருஷம் ராஜாஜி பதவி விலக, திட்டமும் போயிற்று. ஆனால் மூட்டை தூக்குகிறவன் மகன் மூட்டை தூக்கவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் நினைத்தார் என்பதைத் தாத்தா கடைசிவரை மறக்கவில்லை. நான் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியபோது, “அந்த ஐயருக்கு ஒரு கார்டு போட்றா” என்றார். ராஜாஜி இறந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டிருந்தது.

அதே தாத்தா 1967-இல் உதயசூரியனுக்குப் போட்ட ஓட்டு ராஜாஜியும் கேட்ட ஓட்டு. 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் 1965-இல் ஹிந்தியை எதிர்த்துத் தி.மு.க. பக்கம் நின்றார். தாத்தாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள், அவர் போட்டார். காங்கிரஸ் வீழ்ந்தது. தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. அந்த நிமிஷமே சுதந்திராக் கட்சி தேவையற்றதாகிவிட்டது.

அதன் இறக்கம் 1971-இல் தொடங்கியதாகச் சொல்வது எண்களை மட்டும் பார்ப்பது. ஒரு கட்சி ஆதிக்கத்தை உடைப்பது அதன் லட்சியம். உடைந்தது, உடைத்த கைகள் வேறொருவருடையவை. இரவல் கையால் வென்றவனுக்கு வெற்றியில் பங்கு கிடையாது. 1971-இல் வாழ்நாள் எதிரியான காமராஜருடன் ராஜாஜி சேர்ந்தார். இருவரும் சேர்ந்தே தோற்றார்கள். மதுவிலக்கை எடுக்க வேண்டாம் என்று அதே வருஷம் மழையில் முதலமைச்சர் வீடு தேடிப் போனார். எடுத்தார்கள்.

ஆப்பிரிக்காவில் கென்யாவின் கதை வேறு மாதிரி. 1966-இல் துணை ஜனாதிபதிப் பதவியை உதறிவிட்டு ஒடிங்கா ‘கென்யா மக்கள் யூனியன்’ என்ற எதிர்க்கட்சியை நடத்தினார். 1969-இல் கென்யாட்டா அதைத் தடை செய்து ஒடிங்காவைச் சிறையில் வைத்தார். மூன்றே வருஷம் வாழ்ந்த கட்சி. தடையே அதற்கு நினைவுச் சின்னமாகிவிட்டது. சுதந்திராக் கட்சியை யாரும் தடை செய்யவில்லை. தானே கரைந்தது. கரைந்ததற்கு நினைவுநாள் கிடையாது.

1991-இல் லைசென்ஸ் ராஜ்யத்தைக் கலைக்க ஆரம்பித்தது காங்கிரஸ் சர்க்காரே. கட்சி செத்தது, வாதம் ஜெயித்தது. வாதம் ஜெயித்த பின் எங்கள் பக்கத்தில் ‘பர்மனன்ட்’ என்ற சொல் மெல்ல மறைந்து ‘கான்ட்ராக்ட்’ வந்தது. அதுவும் அந்த வாதத்தின் பலன்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ‘எழுத்து’ ஞாபகம் வருகிறது. சி.சு. செல்லப்பா அதைத் தொடங்கியதும் 1959 ஜனவரியில்தான். 1970-இல் நின்றது. அது வாதாடிய புதுக்கவிதையை இன்று எழுதாதவர் இல்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட வருகிறது. வாதம் ஜெயித்தது, பத்திரிகை நின்றது. ஆனால் ‘எழுத்து’ எதிலும் கரையவில்லை. செல்லப்பா புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். தோற்பதில் இரண்டு விதம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் எந்த விதத்துக்குத் தயார் என்பதை அவரவரே கேட்டுக்கொள்ளலாம்.

என் சகா சொன்னதற்குத் திரும்புகிறேன். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. வழக்குப் போட்டவர் ருஸ்தம் கூப்பர். பங்குதாரர், சுதந்திராக் கட்சிக்காரர். 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. சில நாட்களிலேயே புது அவசரச் சட்டம் வந்துவிட்டது. வழக்கில் நிலைத்திருந்தால் எங்கள் மாதிரிக் கிளை இந்தத் தெருவுக்கு வந்திருக்காது, நானும் இந்தக் கவுன்டருக்கு வந்திருக்க மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போன மாதம் காசிமேட்டிலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மா சிறு கடன் கேட்டு வந்தார். ஆதாரில் பழைய வீட்டு விலாசம். புது விலாசத்துக்குச் சான்று கேட்டேன். கொண்டுவந்தார். அது செல்லாது, வேறு வேண்டும் என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது கோபப்படாமல் சொன்னார்: “நீ தர மாட்டேன்னு சொல்லல. வேற காயிதம் கேக்குற. அவ்ளோதான் வித்தியாசம்.”

அன்று சாப்பாட்டு வேளையில் இதழைப் பிரிக்க முடியவில்லை. ராஜாஜி வர்ணித்த அந்த ராஜ்யத்தின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். டில்லியில் பெர்மிட்டுக்குக் காத்திருந்த மில் முதலாளி அந்தக் கட்சியின் கண்ணில் பட்டார். ராயபுரத்தில் காகிதத்துக்குக் காத்திருந்த பெண் படவேயில்லை. பட்டிருந்தால், தாத்தாவுக்கும் அந்தக் கட்சிக்கும் பேச ஏதாவது இருந்திருக்கும். அது வீழ்ந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நாட்டுடைமையைப் பாடியவர்கள் கண்ணிலும் அவர் பட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் அந்த விண்ணப்பத்தைச் சான்று இல்லாமலே, ஒரு குறிப்பு எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். திரும்பி வந்தது. மறுபடியும் வைத்திருக்கிறேன்.