செல்லாரில் உறங்குபவர்கள்

மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஓராண்டு நிறைவடைகிறது. வாங்கிய அன்று இங்கே படம் பகிர்ந்து வாழ்த்துகளைப் பெற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை, இன்று எழுதுகிறேன்.

தெலங்கானா அரசு 2024 நவம்பர் 18 முதல் மின்வாகனங்களுக்குச் சாலை வரியிலிருந்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் முழு விலக்கு அளித்தது. உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவனுக்கு அது சிறிய தொகையன்று. நகரத்தின் புகையைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசிவிட்டுப் பெட்ரோல் வண்டியில் திரும்புவதும் உறுத்தலாக இருந்தது. வாங்கிவிட்டேன். மின்னேற்ற இடம் தேடியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

ஹைதராபாத் அடுக்ககங்களில் வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தைச் ‘செல்லார்’ என்பார்கள். அதன் ஒரு மூலையில், படிக்கட்டை ஒட்டிய ஒற்றை அறையில், காவலாளியின் குடும்பம் வாழும். எங்கள் செல்லாரில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் அந்த அறைக்குள் இருந்தது. ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து இரவு முழுவதும் மின்னேற்றினேன். மின்கட்டணத்துக்கு மாதந்தோறும் பணமும் கொடுத்தேன். நியாயமாக நடந்துகொள்வதாகவே நம்பினேன்.

மூன்றாம் வாரத்தில் காவலாளியின் மனைவி தெலுங்கில் கேட்டார்: “சார், நாங்கள் தூங்குவதற்கு முன் இதை எடுத்துவிடுகிறீர்களா? பிள்ளைகள் உள்ளே படுக்கிறார்கள்.”

நான் விளக்கவுரை ஆற்றினேன். “பெட்ரோலும் தீப்பிடிப்பதுதானே அக்கா” என்றேன். 2022இல் நாட்டின் பல இடங்களில் மின்வண்டிகள் எரிந்த பின்னர், மின்கலங்களுக்கான ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டதையும் சொன்னேன். யாவும் உண்மையே. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “செகந்திராபாதில் மேலே தூங்கியவர்கள் செத்தார்கள், சார். நாங்கள் பக்கத்திலேயே தூங்குகிறோம்.”

அவர் குறிப்பிட்டது 2022 செப்டம்பர் 12 இரவை. கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையகம், மேலே தங்கும் விடுதி. கீழே பற்றிய தீயின் புகை மேல்தளங்களைச் சூழ, எட்டுப் பேர் உயிரிழந்தனர். அச்செய்தியை நானும் படித்திருந்தேன், ஒரு புள்ளிவிவரமாக. எங்கே தீ, எங்கே உறக்கம் என்று அவர் படித்திருந்தார்.

மறுநாள் வேதியியல் துறை நண்பர் ஒருவரிடம் போய், ஓட்டிக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றி முதன்முறையாகக் கற்றேன். லித்தியம் அயனி மின்கலத்தில் இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலம் சிதைந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். நேர்முனைப் பொருளிலிருந்தே ஆக்சிஜன் வெளிப்படுவதால் காற்றைத் தடுத்து அத்தீயை அணைப்பது அரிது. புகையில் நச்சு வாயுக்கள் கலந்திருக்கும்.

எல்லா மின்கலங்களும் ஒன்றல்ல என்பதையும் அறிந்தேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பரஸுடன் இறுகப் பிணைந்திருக்கும், எளிதில் வெளியேறாது. 1997இல் அதை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்எனஃப் ஆகியோர். இதற்கு வழியமைத்த சேர்மங்களை 1980களிலேயே குட்எனஃபுடன் ஆராய்ந்தவர், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற தமிழர் ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்எனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரே. அச்செய்தியைப் பெருமையுடன் இங்கே பகிர்ந்தவன் நான். ஆனால் என் வண்டியில் இருப்பது எவ்வகை மின்கலம் என்று எனக்குத் தெரியாது. கையேட்டிலும் இல்லை. விற்பனையாளரிடம் மூன்று முறை கேட்ட பிறகே தெரிந்தது: அது பாஸ்பேட் வகை அன்று.

பாதுகாப்பு விதிகள் ஆபத்தைக் குறைக்கின்றன. எஞ்சிய சிறு ஆபத்து யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை விதி முடிவு செய்யவில்லை. நான் முடிவு செய்தேன். வரிவிலக்கு எனக்கு, தூய மனசாட்சி எனக்கு, அந்த வயர் மட்டும் அவர்களுடைய ஜன்னலில்.

அன்றே வயரைச் சுருட்டினேன். இரண்டு மாதங்கள் பொது மின்னேற்ற நிலையத்தில் காத்துக் கிடந்தேன். குடியிருப்போர் சங்கத்தில் வாதாடி, வாயிலருகே திறந்த வெளிச் சுவரில் தனி வயரிங், எர்த், எம்சிபி, துணை மீட்டர் ஆகியவற்றுடன் ஓரிடம் அமைத்தோம். மின்வண்டி வைத்திருப்பவர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டோம். இப்போது விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே மின்னேற்றுகிறேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டபோதே எடுத்திருக்கலாமே, சார்” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வண்டி வாங்கவிருக்கும் நண்பர்களே, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே, எவ்வகை மின்கலம் என்றும் கேளுங்கள். அதற்கு எங்கே மின்னேற்றப் போகிறீர்கள், அதன் அருகில் யார் உறங்குகிறார்கள் என்பதை நீங்களே ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள்.