சேசிஸைத் தட்டிப் பார்க்கிறார்கள்

என் லேண்ட் ரோவர் இந்த வாரம் எம்.ஓ.டி. பாஸாகிவிட்டது. நம்மூரில் எஃப்.சி. காட்டுகிறோமே, அதேதான். வண்டி 1996 மாடல் டிஃபெண்டர் 90. 300டிடிஐ டீசல் இன்ஜின். யார்க்‌ஷயரில் செம்மறி வளர்க்கும் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். முந்தைய சோதனையில் தோற்று, பட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எங்கே தோற்றது, எதனால் தோற்றது என்பதெல்லாம் அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். மறைக்கவும் அவருக்கு வழியில்லை.

இங்கே பிரிட்டனில் எந்த வண்டியின் நம்பரையும் அரசு இணையதளத்தில் தட்டினால் போதும், 2005 முதல் அது ஏறி இறங்கிய சோதனைகள் அத்தனையும் வந்துவிடும். பைசா செலவில்லை. ஓனர் பெயர் வராது. தேதி, மீட்டர் காட்டிய மைல், பாஸா ஃபெயிலா, ஃபெயில் என்றால் காரணம், எல்லாம் வரிவரியாக இருக்கும். மீட்டரைத் திருப்பி வைத்தால் போன வருடத்துக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டிக்கு மூன்று வருடம் முன்பே 'பின்பக்க சேசிஸில் துரு, கவனிக்கவும்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருடமும் அதையே எழுதினார்கள். அதற்கடுத்த வருடம் ஃபெயில். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசினேன்.

துருவுக்கு இவர்கள் வைத்திருக்கும் விதியை விளக்கமாகவே சொல்கிறேன். துரு பிடித்த வண்டியெல்லாம் ஃபெயில் ஆகிவிடாது. கதவு ஓரத்தில் அரித்திருந்தால், கையைக் கிழிக்கும் கூர்மை இல்லாதவரை விட்டுவிடுவார்கள். ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை மாட்டியிருக்கும் இடங்களுக்குத்தான் கணக்கு. அந்த இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் பாரம் தாங்கும் இரும்பு இற்றுப்போயிருந்தால் ஃபெயில். ஒட்டுப்போட்டால் நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி எடுத்து, சுற்றிலும் விடாமல் வெல்டிங் ஓட வேண்டும். அங்கங்கே புள்ளி வைத்தால் ஆகாது. ரிவெட் அடித்தால் ஆகாது. பட்டி வைத்துப் பூசினால் ஆகவே ஆகாது. சோதிப்பவர் எதையும் கழற்றக் கூடாது, துளை போடக் கூடாது. கண்ணால் பார்க்கலாம், அதற்கென்று உள்ள சின்னக் கருவியால் தட்டலாம், சுரண்டலாம். கட்டணம் 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது.

லேண்ட் ரோவரில் கண்ணை நம்பவே முடியாது. 1948-இல் முதல் வண்டி வந்தபோது போர் முடிந்து எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அது டிஃபெண்டர் வரை தொடர்ந்தது. சேசிஸோ எஃகு. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, சேறோடு சேர்ந்து சேசிஸின் உள்கூட்டில் தங்கி உள்ளிருந்து தின்னும். மேலே பாடி பளபளவென்றுதான் இருக்கும். வாங்கப் போகிறவர் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி வந்து பயனில்லை; கீழே படுத்துப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இற்றது பொத்தென்று கேட்கும். அடுத்த தட்டில் செதில் செதிலாக முகத்தில் உதிரும்.

குறுக்குச் சட்டத்தை முழுசாக வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தேன். பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட்டு, மஞ்சளும் கறுப்புமாக இருந்ததையெல்லாம் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, தகடு வைத்து வெல்டிங். கையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றினேன். இந்த இன்ஜினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி புஷ்ராடுகள் வளைந்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவர் யார் சொல்லையும் கேட்காமல் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். மற்றபடி இது கம்ப்யூட்டர் ஏறாத இன்ஜின். டீசல் பம்ப்பும் மெக்கானிக்கல். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் கையில் அடங்கும்.

இதெல்லாம் எனக்குப் போடியில் படிந்த பழக்கம். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 17 கொண்டை ஊசி வளைவு, அதற்கப்புறம் தோட்டத்துப் பாறைப் பாதை. அந்த ஜீப்புகளை ஓட வைக்கும் நம் மெக்கானிக்குகளுக்கு ஈடான கை இங்கே நான் பார்த்த எந்த கேரேஜிலும் இல்லை. மகிந்திராவின் ஜீப்பும் வில்லிஸ் வழி வந்ததுதான். ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓட்டிய வில்லிஸைப் பார்த்துத்தான் லேண்ட் ரோவரும் பிறந்தது. பிராட்ஃபோர்டில் இருந்துகொண்டு நான் துடைக்கும் வண்டிக்கும் போடியில் இருக்கும் என் மாமாவின் ஜீப்புக்கும் பாட்டன் ஒருவன்தான்.

ஆனால் மாமாவின் ஜீப்பை வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? ஆன்லைனில் பார்த்தால் எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று வரும். பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்தார், எது தேறவில்லை என்பது வராது. சோதித்த விவரத்தை ஊருக்குச் சொல்லாமல், 15 வருடம் ஆகிவிட்டது என்று வயதை வைத்து மட்டும் வண்டியைச் சந்தேகப்படுகிறோம். டெல்லியில் பத்து வருட டீசலையே ஒதுக்கச் சொன்னார்கள். இங்கே மூன்று வருடம் முடிந்ததும் வருடாவருடம் சோதனை. 40 வருடம் தாண்டிய வண்டியில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் அந்தச் சோதனையும் கட்டாயமில்லை. பத்து வருட வண்டியின் பிரேக் பைப் அரித்திருந்தால் அது ரோட்டுக்கு வரக் கூடாது. முப்பது வருட வண்டியின் சேசிஸ் கணீரென்று கேட்டால் அதை ஏன் உடைக்க வேண்டும்?

சோதித்தவர் நடுவயதுக்காரர். அதிகம் பேசவில்லை. நான் வைத்த தகட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் தட்டிக்கொண்டே வந்தார்; விரல் நகத்தால் வெல்டிங் வரியை வருடிப் பார்த்தார். பாஸ் போட்டுவிட்டு ஒரு வரி மட்டும் சேர்த்தார்: பின் பிரேக் பைப்பில் லேசான துரு, கவனிக்கவும். அது இப்போது என் வண்டி நம்பரின் கீழ் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பைப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.