ஏர்கோனைத் திருப்பிப் போட்டால்

ஷா ஆலம்,
ஞாயிறு காலை

அன்புத் தங்கச்சிக்கு,

நீ வாட்சப்பில் அனுப்பிய ஹீட் பம்ப் கொட்டேஷனை நேற்றுப் பசியாறும்போது அண்ணியிடம் படித்துக் காட்டினேன். போனில் பேசினால் பாதியிலேயே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் என்றதும் ஏதோ புது மிஷின் என்று பயந்துவிட்டாய். முப்பது வருஷமாக நான் ஏணி போட்டு ஏறி மாட்டும் ஏர்கோனும் அதே சாமான்தான். இங்கே அறைச் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறோம், அங்கே வெளிச்சூட்டை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறார்கள். பனி கொட்டும் உங்கள் லெஸ்டரில் ஏது சூடு என்று கேட்பாய். மிஷின் குழாயில் ஓடும் கேஸ் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்திருந்தால் போதும், சூடு தானே அதற்குள் இறங்கும். கம்ப்ரெசர் அந்தக் கேஸை அமுக்கி இன்னும் சூடாக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுமே, அதே கதை. குளிர்நாளில் வெளிப்பெட்டியில் உறைபனி படியும். அதை உருக்க மிஷின் கொஞ்ச நேரம் திரும்பி ஓடும், குபுகுபுவென்று ஆவி வரும். புகை என்று நினைத்துத் தீயணைப்பைக் கூப்பிடாதே.

இனி பணம். உங்கள் அரசாங்கம் ஹீட் பம்புக்கான மானியத்தை 2022இல் 5,000 பவுண்டில் ஆரம்பித்து, 2023 அக்டோபரில் 7,500 ஆக்கியது. அது உன் கைக்கு வராது. மாட்டுகிற கம்பெனியே மானியத்தை நடத்தும் ஆஃப்ஜெமுக்கு எழுதிப்போட்டு வாங்கிக்கொண்டு, உன் பில்லில் கழிக்கும். அதனால் கழித்த பிறகு வரும் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதே, கழிப்பதற்கு முன் முழு விலை என்ன என்று கேள். மூன்று கம்பெனியிடமாவது கேள். 2021இல் இங்கே மலேசிய அரசாங்கம் நாலு, ஐந்து நட்சத்திர ஏர்கோனுக்கும் ஐஸ்பெட்டிக்கும் 200 வெள்ளி தள்ளுபடி கொடுத்ததே, அப்போது எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஏர்கோன் விலை ஒரே மாதத்தில் 150 வெள்ளி ஏறியது. கடைப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் பைப் வாங்குகிறேன்.

அந்த 200 வெள்ளிகூட அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, உனக்குச் சொன்னேனா? தெனாகா கரண்ட் பில் இன்னும் அப்பா பெயரிலேயே வருவதுதான் காரணம். பெயரை மாற்று என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அவர் பேருக்கு வர்ற கடுதாசி இது ஒண்ணுதான்டா" என்றார் அம்மா. அதற்குமேல் நான் பேசவில்லை.

உன் விஷயத்திலும் எது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். அந்த மானியம் வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். உங்கள் வீட்டுப் பத்திரம் மாமியார் பெயரில் இருப்பதாக ஞாபகம். சம்மதம் கேட்டு அவருக்குத்தான் மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து பதில் போட ஆள் வேண்டும்.

பணத்தை விட முக்கியமானது இது. கேஸ் பாய்லர் தண்ணீரை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கும். ஹீட் பம்புக்கு 45 பக்கம்தான் சுகம். அதனால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டியிருக்கும். ஒவ்வோர் அறையாக அளந்து, ஜன்னல், சுவர் எல்லாம் பார்த்துக் கணக்குப் போடாமல் விலை சொல்கிறவனை டீ கொடுத்து அனுப்பிவிடு. அங்கே கரண்ட் யூனிட், கேஸ் யூனிட்டைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை. மிஷின் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கொடுத்தாலும் பில் குறையாது. நன்றாக மாட்டினால்தான் நாலை நெருங்கும். "மிஷினைப் பெருசாவே போட்டுடலாம்" என்றும் யாராவது சொல்வான். இங்கேயும் சின்ன அறைக்கு இரண்டு எச்பி கேட்கிறவர்கள் உண்டு. அடிக்கடி நின்று நின்று ஓடிக் கம்ப்ரெசர்தான் சாகும்.

அளவெடுக்க ஆள் வரும் அன்று வெளிப்பெட்டி வைக்கப்போகும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பு. வேலி ஓரமாக நெருக்கி வைக்கப் பார்ப்பார்கள், விடாதே. அம்மா உனக்கு முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அண்ணன்