கடத்தூர்: ஆயா சொன்ன பூகோளம்

ஒரு ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் மலை, ரோடு, ரயில் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். கடத்தூர், தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஒரு பக்கம் மொரப்பூர், இன்னொரு பக்கம் பொம்மிடி. இரண்டும் சென்னை – சேலம் ரயில் பாதையில் உள்ள ஊர்கள். தெற்கே சேர்வராயன் மலை. சுற்றுப்பட்டி எல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். இங்கே கூடுகிற வெற்றிலைச் சந்தைக்கு வெளியூர் வியாபாரிகளும் வருவார்கள்.

எங்க ஆயா சொல்ற பூகோளம் வேற. இந்தச் சுற்றுப்பட்டிச் சேரி ஒன்றில் பிறந்து, அடுத்தவங்க கொடிக்காலில் இலை கிள்ளியே கிழவியானவர். "இந்தப் புளியமரத்துக்கு மேல செருப்பு போட்டு நடக்க முடியாதுடா. இந்தக் கெணத்து மேட்டுலதான் கொடத்தோட நிப்போம், யாராச்சும் ஊத்துனா தண்ணி. பொணத்த இந்த வரப்பு மேலதான் தூக்கிக்கிட்டுப் போவோம், மழைக்காலத்துல முழங்கா அளவு சேறு." மரம், கிணறு, வரப்பு மூன்றும் பூகோளம்தானே? எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வரலாறும் அப்படித்தான். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவானது. வரி கட்டுகிறவன் பெயர் கணக்கில் ஏறியது. ஏர் ஓட்டினவன், கவலை இறைத்தவன் பெயர் ஏறவில்லை. நூறு வருசம் கழித்து, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை வைத்து 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம் அது. அதில் எவ்வளவு இன்று நம்ம கையில் இருக்கிறது?

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். செத்த மாட்டைத் தூக்கினவனுக்கு ஒரு கல்லும் இல்லை.

2012 நவம்பர் 7ஆம் தேதி இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். கொளுத்த வந்தவங்களுக்கு வரைபடம் தேவைப்படல. எது ஊர், எது சேரி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகை மாறினால் சுடுகாட்டுக்குப் பாதை வந்துவிடுமா? போன நிலம் திரும்பி வருமா?

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். புலப்படத்தை எடுங்கள். அதை வைத்துக்கொண்டு உங்கள் ஆயாவோடு ஒரு நாள் ஊரைச் சுற்றி நடங்கள். அவர் கை காட்டுகிற இடத்தையெல்லாம் சர்வே எண்ணோடு குறியுங்கள். பாதை கேட்டு மனு எழுதும்போது அந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும். கிழவிகள் போய்ச் சேர்ந்த பிறகு அதை எழுதித் தர யாரும் இருக்க மாட்டார்கள்.